கடவுளை இப்படி எழுதியிருக்க வேண்டாம்

பேய் பிசாசுகளை வேட்டையாடும் டீன், சாம் வின்செஸ்டர் என்ற சகோதரர்களின் கதையான 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை உருவாக்கிய எரிக் கிரிப்கிக்கும், அதை எழுதிய எல்லோருக்கும்,

2005 முதல் 2020 வரை 15 சீசன்கள், 327 எபிசோடுகள். அத்தனையும் பார்த்த ஒரு கிறிஸ்தவள் எழுதுகிறேன். விசுவாசிகள் பார்க்கிற தொடரா இது என்று கேட்பவர்கள் எங்கள் சபைகளில் உண்டு. பிசாசுகள் வருகின்றன என்பதற்காக ஒதுக்க வேண்டுமென்றால் சுவிசேஷங்களிலேயே பல பக்கங்களைக் கிழிக்க வேண்டியிருக்கும். எனக்குப் பிசாசுகளைப் பற்றிப் புகார் இல்லை. கடவுளை நீங்கள் என்ன செய்துவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

விசுவாசத்தை எழுத உங்களுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. முதல் சீசனின் 12ஆவது எபிசோடை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். இதயம் பழுதாகிச் சாகக் கிடக்கும் டீனை, ஜெபித்துச் சுகமாக்கும் ராய் என்ற பார்வையற்ற கிறிஸ்தவ ஊழியரின் கூடாரத்துக்கு சாம் அழைத்துப் போகிறான். டீன் பிழைக்கிறான். அவனுக்குப் பதிலாக வேறொருவன் சாகிறான். ராயின் மனைவிதான் மரண தூதனைக் கட்டிப்போட்டு, யார் சாகத் தகுந்தவர் என்று தானே முடிவுசெய்கிறாள். ராய்க்கு இது தெரியாது. அவரை நீங்கள் போலி ஊழியராக்கவில்லை, அது பெரிய காரியம். மூளையில் கட்டியோடு காத்திருந்த லேலாவுக்குக் கடைசிவரை சுகம் கிடைக்கவில்லை. அற்புதம் நடக்கும்போது மட்டும் நம்புவது விசுவாசம் இல்லை, நடக்காதபோதும் நம்ப வேண்டும் என்கிறாள். ஜெபமே செய்யாத டீன், உனக்காக ஜெபிக்கிறேன் என்கிறான். அந்தக் காட்சியில் தேவதூதன் இல்லை, வானத்திலிருந்து குரல் இல்லை.

இரண்டாவது சீசனில், தான் தினமும் ஜெபிப்பதாக சாம் சொல்லும் இடமும் அப்படித்தான். என் கணக்கில், தேவதூதர்கள் வருவதற்கு முன்புதான் உங்கள் தொடரில் விசுவாசம் உயிரோடு இருந்தது.

அப்புறம் காஸ்டியேல் என்ற தேவதூதன் வந்தான். அவனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆறாவது சீசனில் ஒரு பூங்காவில் தனியாக உட்கார்ந்து, தன் பிதாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, ஓர் அடையாளம் தாரும் என்று கெஞ்சுகிறானே, எந்தப் பதிலும் வராமல் போகிறதே, அது தேவதூஷணம் இல்லை. யோபு அப்படித்தான் பேசினான். ஆபகூக் தீர்க்கதரிசி அப்படித்தான் முறையிட்டான். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று தொடங்கும் 22ஆம் சங்கீதத்தை நாங்கள் ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கேட்கிறோம். நீங்கள் கேட்ட கேள்வி எங்களுடையதும்தான்.

அதற்குக் கடைசியில் நீங்கள் கொடுத்த பதில், உங்கள் தொடரில் கடவுளாக வரும் சக் என்ற பாத்திரம். கடவுள் ஏன் மௌனமாக இருந்தார் என்றால், அவர் ஓர் எழுத்தாளர், கதை சுவாரஸ்யமாக இருக்க மனிதர்களைத் துடிக்கவிட்டார், மற்ற உலகங்களெல்லாம் அவர் கிழித்துப்போட்ட பிரதிகள். பிள்ளையைப் புதைத்த ஒரு தாய் கேட்கும் கேள்விக்கு இதுவா பதில்? சக் வழியாக நீங்கள் உங்களைப் பற்றித்தான் பேசினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. பாத்திரங்களைக் கொன்று கொன்று எழுப்பிய குற்ற உணர்ச்சி அது. சரி, அதை வேறொரு பெயரில் பேசியிருக்கலாம்.

இன்னொன்று. மிகாவேல், காபிரியேல், லூசிஃபர், காயீன், மரணம் எல்லோரும் வந்தார்கள். இயேசுவுக்கு மட்டும் இடம் இல்லை. முதல் சீசனில் 'கிறிஸ்டோ' என்று சொன்னால் பிசாசு பிடித்தவர் முகம் மாறும் என்று வைத்தீர்கள். பிறகு அதையும் மறந்துவிட்டீர்கள். அந்தப் பெயரை மந்திரம்போல் சொல்லப்போன ஸ்கேவாவின் ஏழு குமாரர் அடிபட்டு ஓடிய கதை அப்போஸ்தலர் 19இல் இருக்கிறது. பெயர் கருவி இல்லை, அதன் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். பாடுபடாமல் மேலிருந்து வேடிக்கை பார்க்கிற கடவுளை வெறுப்பது சுலபம். சிலுவையில் தொங்கியவரைக் கதைக்குள் கொண்டுவந்திருந்தால் சக் என்ற கடவுளை உங்களால் எழுதியிருக்கவே முடியாது.

இத்தனைக்கும், இயேசு சொன்னதைத்தான் உங்கள் கதாநாயகர்கள் செய்தார்கள். தம்பி பிழைக்க டீன் தன் ஆத்துமாவை விற்கிறான். உலகம் பிழைக்க சாம், லூசிஃபரைத் தன்னுள் சுமந்தபடியே, அவனை அடைத்துவைக்கும் நரகக் கூண்டுக்குள் குதிக்கிறான். தன் சிநேகிதருக்காக ஜீவனைக் கொடுப்பதிலும் பெரிய அன்பு இல்லை என்று யோவான் 15இல் படிக்கும்போதெல்லாம் அந்த இருவர் நினைவுக்கு வருவார்கள். அந்த அன்பு எங்கிருந்து வந்தது என்று 15 சீசன்களில் ஒருமுறையாவது யாராவது கேட்டிருக்கலாம்.

தொடர் மறுபடி வரலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. வந்தால் ஒரு வேண்டுகோள். முதல் சீசனில் தன் தேவாலயத்திலேயே கொல்லப்பட்டாரே பாஸ்டர் ஜிம், அவர் கதையை எழுதுங்கள். வின்செஸ்டர்கள் பார்த்ததையெல்லாம் பார்த்தவர், அடித்தளத்தில் ஆயுதங்கள் வைத்திருந்தவர், ஆனாலும் பாஸ்டராகவே இருந்தவர். வாரமெல்லாம் வேட்டையாடிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் ஏறி அவர் என்ன சொல்லியிருப்பார்? அவரைக் கேலி செய்யாமல், அவருக்கு எந்த அற்புதமும் காட்டாமல் எழுதுங்கள். உங்களால் முடியும்.

அன்புடன்,
ஒரு ரசிகை