செப்டம்பரில் வேலைக்குச் சேரப்போகும் நித்யாவுக்கு

அன்புள்ள நித்யா,

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்தின் டாக்டர் லைசென்ஸ் வந்துவிட்டது என்று நீ போனில் சொன்னதும் அப்பா தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் "இன்ஷூரன்ஸ் பேப்பரெல்லாம் ஆபீஸ்காரங்க பார்த்துப்பாங்கம்மா" என்றாயே, அதுதான் மனதில் உறுத்துகிறது. நானே அந்த ஆபீஸ்காரிதானே! கிளினிக்கில் டாக்டர்களின் கிரெடென்ஷியலிங் பேப்பரோடு, அதாவது அவர்கள் தகுதியைச் சரிபார்த்து இன்ஷூரன்ஸில் சேர்க்கும் பேப்பரோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு.

லைசென்ஸ் இருந்தால் நோயாளியைப் பார்க்கலாம். பார்த்ததற்குப் பணம் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு இன்ஷூரன்ஸ் கம்பெனியும் உன்னைத் தன் நெட்வொர்க்கில் சேர்த்திருக்க வேண்டும். அதற்கு முன் உன் படிப்பு, ரெசிடென்சி என்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சி, லைசென்ஸ், கட்டுப்பாடுள்ள மருந்துகளை எழுதித் தருவதற்கான டி.இ.ஏ. பதிவு எல்லாவற்றையும் கொடுத்த இடத்திலேயே கேட்டுச் சரிபார்ப்பார்கள். உன்மேல் வழக்கோ நடவடிக்கையோ உண்டா என்று தேசியத் தரவு வங்கியிலும் தேடுவார்கள். பிறகு கமிட்டி, ஒப்பந்தம், கடைசியில் பணம் கேட்டு அனுப்பும் பில்லான கிளெய்மைப் பார்க்கும் சிஸ்டத்தில் உன் பெயரை ஏற்றுவது. மூன்று மாதம் சர்வ சாதாரணம், நான்கும் ஆகும். செப்டம்பர் வேலைக்கு இப்போதே ஆரம்பித்தால்தான் சரியாக இருக்கும்.

முதியோருக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர் கொஞ்சம் தயவு காட்டும். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாள், புது இடத்தில் நீ வேலை தொடங்கிய நாள், இரண்டில் எது பிந்தியதோ அதுதான் கணக்கு. அதற்கு முந்தைய 30 நாள் வரை பார்த்த நோயாளிகளுக்கும் பில் போட வழி உண்டு. தனியார் கம்பெனிகளில் பெரும்பாலும் அந்தப் பேச்சே கிடையாது. அவர்கள் கொடுக்கும் தேதிக்கு முன்னால் நீ பார்த்தது போனது போனதுதான்.

உன் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை பெயர்தான். மதுரையில் வாங்கிய எம்.பி.பி.எஸ். சான்றிதழில் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து அப்பா பெயராகி, கடைசிப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெயர் வேறு சேர்ந்துகொண்டது. நமக்கு மூன்றும் நீதான். சரிபார்க்கிற பெண்ணுக்கு மூன்று ஆட்கள். எங்கே என்ன பெயர் இருக்கிறதென்று ஒரு தாளில் எழுதி, "முன்பு பயன்படுத்திய பெயர்கள்" என்ற கட்டத்தில் ஒன்று விடாமல் போடு. கல்யாணச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பு.

அடுத்தது உன் என்.பி.ஐ. பதிவு, அதாவது பில் போட ஒவ்வொரு டாக்டருக்கும் கொடுக்கும் அடையாள எண். அந்தப் பத்திலக்க எண் ஆயுசுக்கும் மாறாது, பக்கத்தில் இருக்கும் விவரம் மாறும். ரெசிடென்சி சேரும்போது எடுத்ததால் உன் துறைக் குறியீடு "பயிற்சி மாணவர்" என்றுதான் இருக்கும். முகவரியும் பழைய ஆஸ்பத்திரிதான். பயிற்சி முடிந்ததும் இரண்டையும் மாற்று. இதை யாரும் உனக்கு ஞாபகப்படுத்த மாட்டார்கள். கிளெய்ம் திரும்பி வரும்போதுதான் தெரியும்.

சி.ஏ.க்யூ.எச். என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் பொதுவான ஒரு இணையதளம் இருக்கிறது. அதில் உன் விவரங்களை ஒரு முறை ஏற்றிவிட்டால் பெரும்பாலான கம்பெனிகள் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். ஆனால் 120 நாளுக்கு ஒரு தடவை உள்ளே போய் "எல்லாம் சரி" என்று உறுதி செய்யாவிட்டால் கோப்பு அப்படியே நின்றுவிடும். சிகிச்சையில் தவறு என்று வழக்கு வந்தால் காப்பாற்றும் மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸின் சான்றிதழ் காலாவதியானாலும் அதே கதி. வேலை அனுபவத்தை மாதம், வருடத்தோடு எழுது. ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் காரணம் கேட்பார்கள். மேட்ச், அதாவது ரெசிடென்சி இடம் கிடைப்பதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து படித்தாயே, அதை மறைக்காமல் அப்படியே எழுதிவிடு.

இதையெல்லாம் எளிதாக்க முடியாதா என்று கேட்டாய். சி.ஏ.க்யூ.எச். குறைத்தது படிவம் நிரப்பும் வேலையைத்தான். நீ படித்தது உண்மையா என்பதைப் பத்து கம்பெனியும் பத்து தடவை தனித்தனியாகச் சரிபார்க்கிறது. மூன்று வருடம் கழித்து மறுபடியும் அதே கூத்து. அதே கல்லூரி, அதே பட்டம்! ஒருவர் பார்த்ததை மற்றவர் ஏற்றுக்கொண்டால் பாதி வேலை போய்விடும் என்பது என் கட்சி. பெரிய ஆஸ்பத்திரிக் குழுமங்கள் சிலவற்றில் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. சரிபார்க்கும் பொறுப்பைக் கம்பெனி ஆஸ்பத்திரியிடமே ஒப்படைத்துவிட்டு, அவ்வப்போது தணிக்கை மட்டும் செய்யும். அங்கெல்லாம் புது டாக்டர் சீக்கிரம் உள்ளே வந்துவிடுகிறார். உன் குழுமத்துக்கு எந்தெந்தக் கம்பெனியோடு அப்படி ஒப்பந்தம் இருக்கிறதென்று முதலில் கேள். இல்லாத கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போன தேதியையும், அவர்கள் கொடுத்த தொடக்கத் தேதியையும் எழுத்தில் வாங்கு. வாய்வார்த்தை வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. "பேப்பர் வருகிற வரைக்கும் சீனியர் டாக்டர் பெயரில் பில் போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதே. விதி அனுமதிக்கிற இடம் மிகக் குறைவு. மீறினால் பொய்க் கிளெய்ம் என்று ஆகிவிடும், உன் பெயரும் கெடும். அதைவிட முதல் சில வாரம் உன் பெயர் ஏறிய இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு மட்டும் அப்பாயின்ட்மென்ட் கொடுக்கச் சொல். அட்டவணை காலியாகக் கிடந்தாலும் பரவாயில்லை.

சான்றிதழ்களை ஸ்கேன் செய்து எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெயர், தேதி எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா