எங்கே சாப்பிடுகிறாய் என்று கேட்டிருந்தீர்கள்

குசாட்சு, குன்மா மாகாணம், ஜப்பான்
25.01.2026

அன்புள்ள அம்மாவுக்கு,

பாப்பா எழுதிய கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. நீங்கள் சொல்லச் சொல்ல அவள் எழுதியிருக்கிறாள். நடுவில் "அடுப்புல பால் பொங்குது, இரு வர்றேன்" என்பதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். நாலு மாசமாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை. போனில் பேசுகிறோம்தானே என்று இருந்துவிட்டேன். போனிலும் நீங்கள் கேட்பதற்கெல்லாம் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறேன், அது எனக்கே தெரியும். அப்பாயிக்குப் போன் கேட்காது, கடுதாசி என்றால் பத்துத் தடவை வாசிக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் இது அப்பாயிக்கும் சேர்த்துத்தான். பாப்பா, இடது காதுப் பக்கமாக உட்கார்ந்து வாசி.

முதலில் ஊரைச் சொல்கிறேன். குசாட்சு ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஹட்டன் உயரம்தான், பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இன்று காலை மைனஸ் 9. பைப்பில் தண்ணீர் உறைகிற இந்த ஊருக்கு நடுவிலே, கோயில் இருக்கவேண்டிய இடத்தில், வெந்நீர் கொதித்துக்கொண்டு வருகிறது. யுபதாகே என்று பெயர், வெந்நீர் வயல் என்று அர்த்தம். அந்த ஓர் ஊற்றிலிருந்து மட்டும் நிமிஷத்துக்கு 4,000 லீட்டர். ஊர் முழுக்கச் சேர்த்தால் 32,000 லீட்டருக்கு மேல். சூடு ஆறுவதற்காக நீளமான மரப் பீலிகளில் ஓடவிட்டிருக்கிறார்கள். ஆமாம் அம்மா, பீலிதான். நாம் குளிக்கிற கீழ்லயத்துப் பீலி ஏழெட்டை வரிசையாகப் படுக்க வைத்த மாதிரி.

அப்பா இருந்தபோது கன்னியாவுக்குப் போய் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வாளியால் மொண்டு ஊற்றிக்கொண்டோமே, அந்த மாதிரித் தண்ணீர் என்று நினைக்காதீர்கள். இது எலுமிச்சம்பழச் சாறு போலப் புளிப்பு. ஆற்றுக்குப் போனால் மீன் வாழாது, பாலத்து இரும்பு கரையும். அதனால் 1964ஆம் ஆண்டிலிருந்து சுண்ணாம்புக்கல் மாவைக் கரைத்து ராத்திரி பகல் ஆற்றில் ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். கவ்வாத்து முடிந்த தேயிலை மலைக்கு நாம் டொலமைட் போடுகிறோமே, அதே வைத்தியம்தான், ஆற்றுக்கு.

போனில் பார்க்கும்போது கழுத்தில் தாயத்தைக் காணோம் என்று கேட்டிருந்தீர்கள். தொலைக்கவில்லை. வந்த முதல் கிழமையே வெள்ளி கரிக்கட்டையாகக் கறுத்துவிட்டது. கண்ணேறுதான் என்று நினைத்து ஒரு ராத்திரி தூங்கவே இல்லை. அப்புறம் விடுதிச் சமையல்காரம்மா சிரித்துக்கொண்டு தன் மோதிரத்தைக் காட்டினார், அதுவும் கறுப்பு. தண்ணீரோடு வருகிற கந்தக வாடைதான் காரணமாம். ஊரே அவித்த முட்டை கெட்டுப்போன மாதிரி நாறும். இப்போது எனக்கு அந்த வாடை தெரிவதே இல்லை. தாயத்தைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.

சரி, சாப்பாடு.

இங்கே சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. சாய்னோகவாரா என்று ஒரு தெரு இருக்கிறது, திருவிழாக் கடைத்தெரு மாதிரி. அங்கே சோஜுதென் என்ற கடை வாசலில் ஆட்கள் நின்று, போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் ஆவி பறக்கும் மஞ்சூவைத் திணிப்பார்கள். கறுப்புச் சீனி நிறத்தில் மெத்தென்ற தோல், உள்ளே இனிப்பாக அரைத்த சிவப்புப் பயறு. நம் மோதகத்தைக் கோதுமை மாவில் செய்தால் இப்படி இருக்கும். கூடவே ஒரு கிண்ணம் பச்சைத் தேத்தண்ணி. காசு வாங்கமாட்டார்கள். பிடித்தால் ஒரு பெட்டி வாங்கவேண்டும், அதுதான் வியாபாரம். விடுதியில் காலை வேலைக்கும் பின்னேர வேலைக்கும் நடுவே நாலைந்து மணித்தியாலம் ஓய்வு. அப்போது அந்தத் தெருவில் மேலே போகையில் ஒன்று, கீழே வருகையில் ஒன்று. வரும்போது தொப்பியைக் கழற்றிவிடுவேன். ஆசைக்குத்தான் அம்மா, பசிக்கு இல்லை.

அதே தெருவில் மிகுனியா என்று ஒரு சோபாக் கடை. சோபா என்பது பக்வீட் என்கிற தானிய மாவில் செய்த நூடில்ஸ். கடை திறக்கும் முன்பே வரிசை நிற்கும், பனி கொட்டினாலும் கலையாது. இந்த மலைப்பக்கத்து மைத்தாக்கே காளானைக் கொத்தாகப் பிய்த்து, மாவில் தோய்த்துப் பொரித்து அதோடு தருவார்கள். மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் மரக்கட்டையில் பூக்குமே, அந்த மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்தே எனக்கு அந்தக் கடைப் பட்டியல் மனப்பாடம். விலையை மட்டும் நம் இலங்கைக் காசில் பெருக்கிப் பார்க்கக்கூடாது. ஒரு யென் ஏறக்குறைய 2 ரூபாய். பெருக்கினால் தொண்டையில் இறங்காது.

அப்பாயிக்குப் பிடிக்கக்கூடிய சாமான் ஒன்று உண்டு, கொன்யாக்கு. நம் சேனைக்கிழங்குக்குச் சொந்தக்காரக் கிழங்கு, அதே மாதிரி வாயில் அரிக்கும். மாவாக்கிச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு இறுகவைத்தால் ரப்பர் மாதிரி வரும். குச்சியில் குத்தி மேலே மிசோ என்கிற சோயா விழுதைத் தடவித் தருவார்கள். ஜப்பானில் விளையும் கொன்யாக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இந்தக் குன்மாவில்தான். பல் தேவையில்லை என்று சொல்ல வந்தேன், யோசித்தால் பல் இருந்தாலே கஷ்டம்தான். அப்பாயிக்கு வேண்டாம். அவருக்கு ஒன்சென் முட்டை சரி. முட்டையை எழுபது பாகை வெந்நீரில் அரைமணி நேரம் கிடத்தினால் மஞ்சட்கரு இறுகிவிடும், வெள்ளைக்கரு தயிர் மாதிரி தளதளவென்று நிற்கும். நம் வீட்டில் நடப்பதற்கு நேர்மாறு.

மாட்டிறைச்சியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விருந்தாளிகளுக்கு உண்டு, ஆளுக்கொரு சின்ன அடுப்பு வைத்து மேசையிலேயே வாட்டுவார்கள். எனக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகிற வேலை மட்டும்தான். எங்களுக்குச் சோறு, மிசோ சூப், மீன், ஊறுகாய். சோறு குழைந்துதான் இருக்கும், நீங்கள் பார்த்தால் "கஞ்சி வடிக்கத் தெரியாதவள் பொங்கினது" என்பீர்கள். விருந்தாளிகள் விடுதியிலேயே இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவதால், எட்டு மணிக்கெல்லாம் ஊரில் பாதிக் கடை சாத்திவிடுவார்கள். எனக்கு வேலை முடிய ஒன்பதரை. இருபத்துநாலு மணி நேரக் கடை ஒன்று உண்டு, அங்கே சோற்று உருண்டை வாங்கிக்கொள்வேன்.

குடிப்பதைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, "அப்பாவை நினைத்துக்கொள்" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். இங்கே குளித்து வந்தவுடன் பியர் குடிப்பது கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரி, ஆணும் பெண்ணும் குடிப்பார்கள். நம் தவறணைபோலச் சண்டை இல்லை. நான் குடிப்பது கண்ணாடிப் போத்தலில் வருகிற கோப்பிப் பால். இடுப்பில் கையை வைத்து ஒரே மூச்சில் குடிக்கவேண்டுமாம், பக்கத்து அறைத் தாத்தா சொல்லிக்கொடுத்தார். கிரின் கம்பனி போத்தலில் விற்கிற தேத்தண்ணி ஒன்றும் குடித்துப் பார்த்தேன். இலங்கைத் தேயிலை, அதுவும் திம்புள்ள என்று எழுதியிருந்தது. ஓடிப்போய் வாங்கினேன். சீனித் தண்ணி அம்மா. நம் தேயிலை ஸ்டோரு டீமேக்கர் ஐயா வாயில் வைத்தால் போத்தலையும் சேர்த்துத் துப்புவார்.

அந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுபத்தைந்து வயதிருக்கும், தனி ஆள். என்னிடம் சத்தம் போட்டுத்தான் பேசுவார், நான் ஜப்பான் மொழியிலேயே பதில் சொன்னாலும் கையால் படம் வரைந்து காட்டுவார். இலங்கை என்றேன், புரியவில்லை. "செய்ரோன்", அதாவது சிலோன், என்றதும் முகம் மலர்ந்தது. ஒக்டோபரில் என் கதவுக் கைப்பிடியில் பையோடு ஒரு முட்டைக்கோவா தொங்கியது. பக்கத்துச் சுமகோய் கிராமம் கோவாவுக்குப் பேர்போனது, நுவரெலியா மாதிரி. நான் அதில் சுண்டல் செய்து கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டு மூக்கைத் துடைத்தார், பாத்திரத்தை மட்டும் கழுவித் திருப்பித் தந்தார். பனி விழத் தொடங்கியதும் பொதுப்படிக்கட்டில் நடுவே கோடு போட்டதுபோலத் தன் பாதியை மட்டும் வெட்டி ஒதுக்கினார். டிசம்பர் 31 இரவு கதவைத் தட்டி ஒரு கிண்ணம் சோபாவை நீட்டினார், வருஷம் பிறக்கும் முன் சாப்பிடவேண்டுமாம். மறுநாள் காலையில் பார்த்தால் என் பாதியும் வெட்டியிருந்தது.

ஊர்க்காரர்களுக்கான பொதுக்குளியலுக்கு என்னைக் கூட்டிப் போனவரும் அவர்தான். பீலியில் சாரம் கட்டிக்கொண்டு குளித்தவன் நான். இங்கே ஒரு துணியும் கூடாது. முதல் நாள் சுவரைப் பார்த்தபடியே நின்றேன். தண்ணீர் தாங்கமுடியாத சூடு, பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறக்கப் போனால் கையில் தட்டுவார். மெதுவாக, முதலில் கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் கழுத்து வரை. அப்படி இறங்கி உட்கார்ந்தபோது தீபாவளி விடியற்காலை நினைவு வந்துவிட்டது. அண்டாவில் நீங்கள் காய்ச்சி, "கண்ணை மூடுடா" என்று தலையில் ஊற்றுகிற அந்த ஒரு வாளி. அதற்கு விறகு சேர்க்க மலையில் வேலை விட்டு வந்த பிறகும் தலையில் கட்டோடு இறங்கி வருவீர்கள். இங்கே யாரும் காய்ச்சாமல், யாரும் கேட்காமல், ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. தாத்தா என்னவோ கேட்டார். புளிப்புத் தண்ணீர் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

சரி, அது கிடக்கட்டும். வீட்டு விஷயம்.

இந்த மாசம் அனுப்புவது கொஞ்சம் குறைவாக இருக்கும். ஹீட்டருக்கு மண்ணெண்ணெய், பனிச் சப்பாத்து என்று செலவு வந்துவிட்டது, வேறொன்றுமில்லை. உங்கள் சங்கிலிக்கு வட்டியை மட்டும் கட்டி அடகுச் சீட்டைப் புதுப்பித்துவிடுங்கள், வைகாசிக்குப் பிறகு மீட்டுவிடலாம். ஏஜென்சிக் கடனைப் பற்றிப் பெரிய மச்சான் கேட்டால், தம்பியே பேசிக்கொள்வான் என்று சொல்லுங்கள். நீங்கள் எதுவும் கையெழுத்துப் போடவேண்டாம்.

புயலில் சரிந்த பின்மதில் மண்ணை அள்ளிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். யார் அள்ளியது, கூலி எவ்வளவு என்று எழுதவில்லை. பெரிய மழை வந்தால் அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் அப்பாயியைக் கூட்டிக்கொண்டு லயத்துக் கடைசியில் இருக்கும் தொங்கல் காம்பராப் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுங்கள், கோபதாபம் பார்க்காதீர்கள். 7 பேர்ச் காணிப் படிவத்தில் அப்பா பேர் இன்னும் இருந்தால், மரணச் சான்றிதழ்ப் பிரதி ஒன்றைச் சேர்த்துக் கொடுங்கள். அது பச்சை ட்ரங்குப் பெட்டியில், என் பள்ளிக்கூடப் பதிவுகளுக்கு அடியில் இருக்கிறது.

பாப்பா, டியூசனை நிறுத்தப் போகிறேன் என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய். நிறுத்தாதே. சாதாரண தரப் பரீட்சைக்குக் கணக்கு இல்லாமல் ஒன்றும் நடக்காது. அந்தக் காசைத் தனியாக உன் பேருக்கே போடுகிறேன்.

அப்பாயியின் கண் ஆப்பரேசனுக்குத் திகதி கொடுத்தவுடன் போனில் சொல்லுங்கள், கடிதத்துக்குக் காத்திருக்கவேண்டாம். டிரைவர் சித்தப்பா ஆட்டோவுக்குக் காசு வாங்கமாட்டார். பெட்ரோலுக்கு என்று ஆயிரம் ரூபாயைச் சீட்டுக்கடியில் வைத்துவிட்டு வாருங்கள், கையில் கொடுத்தால் திட்டுவார்.

உங்கள் அன்பு மகன்,
தம்பி