பாலம் ஏறும் முன்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. முந்தாநாள் போனில், "ரெண்டு பைக்கையும் குட்டி யானை லோடு வண்டியில் போட்டு மதுரையிலிருந்து கொண்டுவந்துவிடுகிறேன், கயிறு இருக்கிறது" என்று நீ சொன்னதும் கத்திவிட்டேன். காரணம் இருக்கிறது. பேச்சில் சொன்னால் கோபம்தான் முந்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

கயிறு கட்ட நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நானும் இருந்தேன். கரையில் படகைக் கட்டும்போது அலைக்கு ஏறி இறங்கக் கொஞ்சம் விட்டுத்தான் கட்டுவோம். நங்கூரத்துக்கு நைலான் போடுவதும் அது இழுவைக்கு நீண்டு கொடுக்கும் என்பதால்தான். பைக்குக்கு இந்த இரண்டுமே எமன்.

நீ பத்தாவது படித்த வருஷம். ராமநாதபுரத்திலிருந்து பாம்பனுக்கு ஒருவருடைய புல்லட்டை வாடகைக்கு ஏற்றினேன். புதுப் பெயின்ட் அடித்த வண்டி. சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, நங்கூரக் கயிற்றால் ஹேண்டிலைக் கட்டினேன். "நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்கிறேன்ப்பா" என்று நீ ஏறப் பார்த்தாய். பள்ளிக்கூடம் போடா என்று விரட்டினேன். பாம்பன் கடல் பாலத்தின் நடுவில், கடலைப் பார்க்க முன்னால் போன கார் திடீரென்று நின்றது. பிரேக் அடித்தேன். கயிறு நீண்டது, ஸ்டாண்டு மடங்கியது, கச்சான் காற்றும் சேர்ந்து தள்ளியது. கிட்டத்தட்ட 200 கிலோ, நீ உட்கார நினைத்த மூலையில் விழுந்தது. டேங்கின் நசுங்கலுக்குக் கொடுத்த பணத்தை வலைக்குச் செலவு என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு இன்னமும் தெரியாது. இந்தப் பக்கத்தை மட்டும் அவளிடம் வாசித்துக் காட்டாதே.

ஆகவே பின்னால் ஆள் ஏற்றாதே, உன் கூட்டாளி எவ்வளவு கெஞ்சினாலும் சரி.

எடைக்குப் பயமில்லை. மாமாவின் புல்லட்டும் உன் ஸ்ப்ளென்டரும் சேர்ந்து 300 கிலோ சொச்சம்தான், வண்டி தாங்கும். அகலம்தான் பத்தாது. புல்லட்டை முதலில் ஏற்றி, முன் டயர் கேபின் சுவரில் முட்டும்படி நிறுத்து. ஸ்ப்ளென்டரைத் திருப்பி, பின் டயர் கேபின் பக்கம் இருக்கும்படி வை. அப்போது இரண்டு ஹேண்டிலும் இடிக்காது. நடுவில் பழைய மெத்தையோ சாக்கோ செருகு.

ஏற்றும்போது பலகை ஏழெட்டு அடியாவது இருக்கட்டும். பலகையின் மேல் முனையை வண்டியோடு கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பைக் ஏறும் வேகத்தில் அது பின்னால் வழுக்கி ஓடிவிடும். ஓட்டி ஏற்றுகிற வீரமெல்லாம் வேண்டாம். ஒருவர் ஹேண்டிலைப் பிடிக்க, இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளட்டும்.

இனி கட்டுவது. நைலான் கயிற்றை விட்டுவிட்டு, பிடியை நெம்பி நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட் நான்கு வாங்கு, ஒரு பைக்குக்கு. ஸ்டாண்டை மடக்கிவிட வேண்டும். பைக் பெல்ட்டில்தான் நிற்க வேண்டும், ஸ்டாண்டில் அல்ல. முன் பெல்ட் இரண்டையும் ஹேண்டில் நுனியில் மாட்டாதே. ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு முன் ஷாக் அப்சார்பரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் இரும்பில் துணி வாரைச் சுற்றி அதில் கொக்கியை மாட்டு. அங்கிருந்து பெல்ட் முன்பக்கமும் வெளிப்பக்கமுமாகச் சாய்ந்து பாடியின் வளையத்துக்கு இறங்க வேண்டும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கு. முன் ஷாக் பாதி அமுங்கியதும் நிறுத்திவிடு. முழுக்க அமுக்கினால் ஆயில் சீல் போய்விடும், பள்ளத்தில் விழும்போது கொடுக்க இடமும் இருக்காது. பின் பெல்ட்டுகளுக்கு அவ்வளவு இறுக்கம் தேவையில்லை, வால் ஆடாமல் இருந்தால் போதும். திருப்பி வைத்த ஸ்ப்ளென்டருக்கு முன் பெல்ட்டுகள் பின் டோர் மூலைகளுக்கு வரும். கியரில் போட்டு, பெட்ரோலை அடைக்கும் காக் இருந்தால் அதையும் மூடிவிடு.

மிச்ச வாரைச் சுருட்டிக் கட்டு, காற்றில் அடித்தே பெயின்டை உரித்துவிடும். ராட்செட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடு. நம் ஊர் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் பல் துருப்பிடித்துவிடுகிறது.

கிளம்பிப் பத்துக் கிலோமீட்டரில் ஒருதரம் நிறுத்திப் பெல்ட்டை அமுக்கிப் பார், அப்போதுதான் எல்லாம் இறங்கி உட்கார்ந்திருக்கும். அப்புறம் பரமக்குடியில் டீ குடிக்கும்போது பார். பாலத்துக்கு முன்னால் வரும் மண்டபம் ஊரில் கட்டாயம் பார். பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல், ஒதுங்க இடம் கிடையாது. இது ஆடி மாசம், வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். விடியற்காலையிலேயே தாண்டிவிடு. சுற்றுலா வண்டிகளும் அப்போது குறைவு.

மண்டபத்திலிருந்து போன் அடி. நம் ஊர் ஐஸ் கம்பெனி மேடை உன் வண்டி உயரத்துக்குச் சரியாக இருக்கிறது, நேற்று அளந்து பார்த்தேன். பின் டோரை அதில் ஒட்டி நிறுத்தினால் பலகையே வேண்டாம். நான் அங்கே நிற்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா