கேனில் மட்டும் விற்கும் நிறங்களைக் குப்பியிலும் கொடுங்கள்

ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கார், விமான மாடல்களுக்குப் பெயிண்ட் தயாரிக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஸ்ப்ரே கேனில் இருக்கும் பெயிண்டை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தால் பெயிண்டை மெலிதாகத் தூவும் பேனா போன்ற கருவி) அடிக்க எந்தத் தின்னர் சேரும் என்று உங்களில் ஒருவருக்கு எழுதிக் கேட்டிருந்தேன். “கேனில் உள்ளதை வெளியே எடுத்துப் பயன்படுத்துவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மரியாதையான பதில்தான். ஆனால் நாங்கள் என்ன ஆசைப்பட்டா எடுக்கிறோம்? மாடலின் பாகங்கள் அடங்கிய கிட்டோடு வரும் தாளில் நிறத்தின் எண்ணைப் போடுவது நீங்கள். அந்த எண்ணைத் தேடிப் போனால் கேனில் மட்டும்தான் கிடைக்கிறது, குப்பியில் கிடையாது.

கேனே கூடாது என்று சொல்ல வரவில்லை. நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு அளவான 1/24 கார் பாடி முழுக்க ஒரே நிறம், அதுவும் பளபளவென்று வேண்டுமானால் கேன் அருமையாக வேலை செய்யும். 1/72 விமானத்துக்கு வந்தால்தான் சிக்கல். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இறக்கை அது. கேன் பொத்தானை அழுத்தினால் வருவது வந்ததுதான், கொஞ்சமாக விடு என்று அதனிடம் சொல்ல முடியாது. தகடுகளின் இணைப்பைக் காட்டும் மயிரிழை போன்ற பேனல் கோடுகள் பெயிண்டில் மூழ்கிப்போகும். இரண்டு நிறங்கள் மெல்ல ஒன்றில் ஒன்று கரையும் விளிம்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். அதே பெயிண்டை மெலிதாக்கி ஏர்பிரஷின் 0.3 மி.மீ. நாசில் வழியாக அடித்தால் அழகாக உட்காருகிறது. பெயிண்டில் ஒரு குறையும் இல்லை, எங்கள் வயிற்றெரிச்சலே அதனால்தான்.

சரி, வெளியே எடுக்கிறோம். அது எப்படி நடக்கிறது என்பதை ஒருமுறை எங்கள் மேசைப் பக்கம் வந்து பாருங்கள். கேனின் முனையில் ஒரு ஸ்ட்ரா துண்டை டேப் சுற்றி ஒட்டி, மறுமுனையைக் கண்ணாடிக் குப்பிக்குள் விட்டு, குப்பியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் போர்த்தி, விட்டு விட்டு அழுத்த வேண்டும். பிடித்திருக்கும் விரல் மரத்துப்போகும் அளவுக்குக் குப்பி சில்லென்றாகி வெளியே வியர்க்கும். உள்ளே பெயிண்ட் அடுப்பில்லாமலே கொதித்துக்கொண்டிருக்கும். கேனுக்குள் அழுத்தத்தில் திரவமாகப் பெயிண்டோடு கலந்திருந்த உந்துவாயு, வெளியே வந்ததும் ஆவியாகிக் கிளம்புகிறது. கொதிப்பு அடங்கிவிட்டதே என்று ஒரு குச்சியை விட்டுக் கிளறினால் போதும், மறுபடி நுரைத்துப் பொங்கி விளிம்பைத் தாண்டி வழியும். மூடியை இறுக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். திறந்தே போட்டால் கரைப்பானும் சேர்ந்து பறந்துவிடும், தூசியும் விழும். அதனால் மூடியைச் சும்மா மேலே வைத்துவிட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். பொறுக்க முடியாமல் அப்போதே ஏர்பிரஷ் கப்பில் ஊற்றுபவருக்குப் பெயிண்டோடு குமிழியும் சேர்ந்து தெறிக்கும். கப் பொங்கி, ஒட்டித் தேய்த்துத் தயாராக வைத்த மாடலின் மேலேயே கொட்டும்.

இத்தனைக்கும் கிளம்பும் வாயு சாதாரணமானதல்ல. பெரும்பாலும் எல்பிஜி, அல்லது டைமெத்தில் ஈதர். இரண்டுமே சட்டென்று தீப்பிடிப்பவை, காற்றைவிடக் கனமானவை, தரையோடு தரையாகப் பரவும். ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் நெருப்பே இல்லாமல் பார்த்து, கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, விரல் நீள இறக்கை ஒன்றுக்காக! அவசரக்காரர்கள் சிலர் கேனில் ஆணியால் ஓட்டை போடவும் துணிகிறார்கள். அது உயிரோடு விளையாடும் வேலை. “பரிந்துரைப்பதில்லை” என்ற வரியால் அவர்களில் ஒருவரையும் நிறுத்த முடியாது. குப்பி இருந்தால் நிறுத்தும்.

அப்புறம் தின்னர் கதை. கேனின் லேபிளில் பல மொழிகளில் எச்சரிக்கை இருக்கிறது. உள்ளே இருப்பது லாக்கரா, எனாமலா (இரண்டுக்கும் தின்னர் வேறு வேறு) என்று மட்டும் பல கேன்களில் தேடித்தான் பார்க்க வேண்டும். லாக்கரில் தெரியாமல் எனாமல் தின்னரை ஊற்றினால் பால் போலத் திரிந்துபோகும். ஒவ்வொரு புதுக் கேனுக்கும் சொட்டுச் சொட்டாகக் கலந்து பார்த்துக் கண்டுபிடிப்பது எங்கள் தலையெழுத்து.

குப்பியில் அடைக்க முடியாத பெயிண்ட் என்றும் சொல்ல முடியாது. ஜப்பானிய மாடல் நிறுவனமான தமியாவின் எல்பி என்ற குப்பிப் பெயிண்ட் வரிசையில், அவர்களுடைய டிஎஸ் ஸ்ப்ரே நிறங்கள் பலவும் 10 மி.லி. குப்பியில் வந்துவிட்டன. டிஎஸ்-8 கேனில் இருக்கும் இத்தாலியன் ரெட், எல்பி-21 என்ற எண்ணில் குப்பியில் கிடைக்கிறது. ஒருவரால் முடிந்தது மற்றவர்களுக்கு ஏன் முடியாது? கேனில் மட்டும் விற்கும் நிறங்களைக் குப்பியிலும் கொடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

ஸ்ப்ரே பெயிண்ட் பிறந்ததே 1949-இல் அமெரிக்கப் பெயிண்ட் நிறுவனக்காரர் எட்வர்ட் சீமோர் தன் அலுமினிய பெயிண்டை ரேடியேட்டரில் அடித்துக் காட்டுவதற்காகத்தான். ரேடியேட்டருக்குக் கேன் போதும், அதில் பேனல் கோடு கிடையாது. அதே சாமானை எங்கள் விமானங்களுக்கும் நீட்டிவிட்டு, எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டீர்கள். மூடியின் நிறம் ஒன்று, உள்ளே இருக்கும் நிறம் ஒன்று என்பதையும் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறோம். திடீரென்று ஒரு எண்ணை நிறுத்திவிட்டுப் பாதி முடித்த மாடலோடு எங்களை நிற்க வைப்பதையும் பழகிக்கொண்டோம். ஒருவேளை இதெல்லாம் பொறுமையை வளர்க்கும் இலவசப் பயிற்சியோ என்னவோ.

விஷயத்துக்கு வருகிறேன். கிட்டின் தாளில் எண் போட்டுக் கேட்கும் ஒவ்வொரு நிறத்தையும் தயவுசெய்து குப்பியிலும் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொண்டுவர முடியாதென்றால், விமானங்களுக்கான நிறங்களிலிருந்து தொடங்குங்கள். அதுவரை, உள்ளே இருப்பது எந்த வகைப் பெயிண்ட், உங்கள் தின்னர்களில் எது அதற்குச் சேரும் என்று கேனின் மேல் ஒரு வரி போடுங்கள். புதுக் குப்பிக்கு நாளாகும் என்பது புரிகிறது. ஒரு வரி அச்சடிக்க அவ்வளவு நாளாகாது, அடுத்த முறை லேபிள் அடிக்கும்போதே அதைச் சேர்த்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பெயிண்டை இன்னும் விடாமல் வாங்கும் ஒரு மாடல்காரன்