டைம்டேபிளை கழட்டி வெச்சிடு கண்ணு

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. ஸ்தோத்திரம். இங்க நானும் அப்பாவும் தம்பியும் கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம், அப்பாவுக்கு ராத்திரில முட்டி வலி, அது உனக்கு தெரிஞ்சதுதான். நீ கூப்பிடறப்ப நான் களி கிண்டிட்டு இருக்கேன், நான் கூப்பிடறப்ப நீ எடுக்கறதில்ல, அதான் மொத்தமா டைப் பண்ணியே அனுப்பிடலாம்னு உக்காந்துட்டேன். எழுத்துப் பிழை இருந்தா திருத்திக்கோ, உனக்கு நான் திருத்தாத பிழையா.

பார்சல் வந்துச்சா? ராகி மாவு, அவரைக்கொட்டை, எள்ளுருண்டை, பையனுக்கு அந்த பெரிய எழுத்து பைபிள் கதை புக். வந்துச்சு வரலன்னு ஒரு வார்த்தை போட்டா என்னா. உங்க மாமியார் போன மட்டும் ரெண்டாவது ரிங்லயே எடுக்கறியாமே, அவங்களே சொன்னாங்க. சரி விடு.

தோப்புல இந்த வருஷம் பூ நல்லா பிடிச்சுது, நடுவுல தத்துப்பூச்சி வந்து ரெண்டு தடவ மருந்தடிக்க வேண்டியதாப் போச்சு. செந்தூரா பரவால்ல. தோத்தாபுரிக்கு மாங்கூழ் பேக்டரிக்காரங்க என்ன ரேட்டு வெப்பாங்களோன்னு இப்பவே அப்பாவுக்கு தூக்கமில்ல. தூக்கம்னதும் ஞாபகம் வருது, போன வாரம் வீடியோல பையன்கிட்ட இன்னிக்கி என்னடா பாடம்னு கேட்டேன், அவன் ரொம்ப சாதாரணமா அம்மா தூங்கறாங்க பாட்டி, நேத்தும் தூங்குனாங்கன்னு சொல்லிட்டு பொம்மை லாரிய ஓட்டப் போயிட்டான். மணி அப்ப பதினொண்ணரை. நான் ஒண்ணும் கேக்கல, கேமராவ திருப்பி மாம்பிஞ்ச காட்டுனேன். இப்பவும் அத கேக்கறதுக்காக எழுதல. அசதியா இருந்தா யாரு வேணாலும் தூங்கலாம்.

பையனுக்கு வீட்லயே பாடம் நடத்தறதுக்கு ஜனவரில நீ போட்டு அனுப்புன டைம்டேபிள் பத்தி தான் சொல்ல வந்தேன். கலர் கலரா கட்டம் போட்டு, போனிக்ஸ், ஹிந்தி, தமிழ், கணக்கு, ஈவிஎஸ், வேதபாடம், கிராப்ட்டு, ஒம்போது மணிலருந்து மூணரை வரைக்கும். பாத்ததும் அவ்வளவு பெருமை எனக்கு, லேடீஸ் மீட்டிங்ல எல்லாருக்கும் காட்டுனேன், என் மக போட்டதுன்னு. அப்புறம் வீட்டுக்கு வந்து கண்ணாடிய மாட்டிக்கிட்டு நிதானமா பாத்தா அதுல நீ எப்ப சாப்பிடறன்னு ஒரு கட்டம் கூட இல்ல. பள்ளிக்கூடத்தையே பேத்து எடுத்துட்டு வந்து ஹால்ல இறக்குன மாதிரி இருக்குது. அவனுக்கு ஜூன்ல தான கண்ணு ஆறு முடியுது. சார்லட் மேசன்னு இங்கிலாந்து டீச்சரம்மா, 1923ல இறந்து போனவங்க, பெங்களூர் அக்கா குடுத்த ஜெராக்ஸ்ல நான் படிச்சது, நீயும் படிச்சிருக்க, அவங்களே ஆறு வயசு வரைக்கும் உக்கார வெச்சு பாடம் நடத்தாதீங்க வெளிய விடுங்கன்னு தான் சொன்னாங்க, ஆறு முடிஞ்சப்புறமும் சின்னப் புள்ளைங்களுக்கு ஒரு பாடம் இருபது நிமிஷத்த தாண்டக் கூடாதுன்னாங்க. பைபிள்ல உபாகமம் ஆறுல என்ன இருக்கு, வீட்ல உக்காரும்போதும் வழில நடக்கும்போதும் படுக்கும்போதும் எந்திரிக்கும்போதும் பேசுன்னு இருக்கு. ஒம்போதுலருந்து மூணரைன்னு எங்கியும் இல்ல.

உனக்கு நான் என்ன பண்ணேன். காலைல ஜெபம், ஒரு சங்கீதம் சத்தமா, அதுலயே ஒரு வசனம் காப்பி எழுதறது, அதுக்கப்புறம் கொஞ்சம் கணக்கு, கொஞ்சம் வாசிப்பு. சோத்துக்கு ஒலை வெக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். மத்தியானத்துக்கு மேல புக்கே கிடையாது. தோப்புல கிரேட்டு எண்ணறது, எடை போட்ட சீட்டு கூட்டறது, அப்பா கணக்குல தப்பு கண்டுபிடிச்சா நாலணா கேப்ப, அந்த காசுல தான் பெருக்கல் வாய்ப்பாடு உனக்கு ஏறுச்சு. நம்ம பால்காரர் முன்னாடியே அவருக்கு பல்லு ஏன் காவியா இருக்குன்னு கேட்டு என் மானத்த வாங்குனியே, ஞாபகம் இருக்கா, அந்த ஒரு கேள்விய வெச்சு ஒரு வாரம் ஓட்டுனேன். போர் தண்ணி, பாறைலருந்து அதுல கரையற புளோரைடு, பல்லு, எலும்பு, அப்புறம் மேப்ப விரிச்சு ஒகேனக்கல் எங்க இருக்கு நம்ம ஊரு எங்க இருக்கு, அவ்வளவு பக்கத்துல காவேரி ஓடியும் நம்ம குழாய்ல ஏன் வரலன்னு. அந்த ஒகேனக்கல் குடிநீர் திட்டத்த 2013ல தொறந்தாங்க, நீ அப்ப காலேஜுக்கு போயிட்ட, ஹாஸ்டல்லருந்து போன் பண்ணி அம்மா நம்ம பாடம் பேப்பர்ல வந்திருக்குதுன்ன. அந்த சந்தோஷத்துக்கு எந்த டைம்டேபிள்லயும் கட்டம் போட முடியாது.

அதனால அந்த சார்ட்ட செவுத்துலருந்து கழட்டி வெச்சிடு. கிழிக்க வேணாம், பீரோ மேல வை.

பாஸ்டரம்மா இங்க எப்பப் பாத்தாலும் சூசன்னா வெஸ்லி கதைய, அதான் மெத்தடிஸ்ட் சபைய ஆரம்பிச்ச ஜான் வெஸ்லியோட அம்மா, சொல்லிட்டே இருக்காங்க, பத்தொம்பது புள்ள பெத்தாங்க, பொழைச்ச பத்து பேருக்கும் வீட்லயே ஆறு மணி நேரம் பாடம் நடத்துனாங்க, ஜெபம் பண்ண எடமில்லாம ஏப்ரான தலைல போட்டுக்கிட்டு உக்காந்தாங்கன்னு. நல்ல கதை தான். ஆனா அவங்க வீட்ல வேலைக்கு ஆள் இருந்துச்சு, அத மட்டும் யாரும் சொல்றதில்ல. உனக்கு அங்க யாரு இருக்கா, மாப்பிள்ளை நைட் ஷிப்ட் முடிச்சு காலைல வந்து படுக்கறாரு, பையன் சத்தம் போடக் கூடாது, நீ அந்த ரெண்டு ரூமுக்குள்ள சமையலும் பாடமும் அவன் வாய அடக்கறதும். மாப்பிள்ளைய நான் குறை சொல்லல, அவரு தங்கமான புள்ள.

தம்பி பொறந்த வருஷத்த நீ கொஞ்சம் யோசிச்சு பாரு. 2004. பிப்ரவரில கிருஷ்ணகிரிய தனி ஜில்லாவா பிரிச்சாங்கன்னு ரவுண்டானா பக்கம் பட்டாசு வெடிச்சாங்க, நான் கட்டில்ல படுத்துக்கிட்டு செவுத்த பாத்துட்டு இருந்தேன். வெயில் முடிஞ்சு மழை விழுந்தும் நான் சரியா எந்திரிக்கல. புள்ளைக்கு பால் குடுப்பேன், மறுபடி படுத்துக்குவேன். அழுகை கூட வராது. அம்மாவுக்கு உடம்பு முடியலன்னு உன்கிட்ட சொல்லி வெச்சிருந்தாங்க. பர்கூர் அத்தை தான் வந்து தங்கி எல்லாம் பாத்துது. ஜெபத்துல வந்த ஒரு அம்மா, பேரு வேணாம், இது விசுவாசக் குறைவுன்னு என் தலைமாட்டுல உக்காந்தே சொன்னாங்க. தடுப்பூசி போட வந்த நர்ஸக்கா தான் அப்பாவ தனியா கூப்பிட்டு, புள்ள பெத்தவங்க சில பேருக்கு இப்படி வரும், இதுக்கு டாக்டர் இருக்காங்க, மாத்திரை இருக்கு, கூட்டிட்டு போங்கன்னு சொன்னாங்க. போனோம். மாத்திரையும் சாப்பிட்டேன், ஜெபமும் பண்ணேன், எதால சரியாச்சுன்னு நான் கணக்கு பாக்கல.

அத்தன மாசமும் உனக்கு பாடம்னு ஒண்ணு நடக்கல. அப்பா உன்னைய டிவிஎஸ்ல முன்னாடி நிக்க வெச்சு சந்தூர் நர்சரிக்கு கூட்டிட்டு போயிடுவாரு, நீ அங்க ஒட்டுக் கட்டறத பாத்துட்டே உக்காந்திருப்ப. ஒரு நாள் சாயந்தரம் வந்து என் கட்டில்லயே ஏறி உக்காந்துக்கிட்டு, முருங்கைக் குச்சியும் பிளேடும் வெச்சு எனக்கு செஞ்சு காட்டுன. மாங்கொட்டை மொளைச்சு இலை இன்னும் செவப்பு மாறாம இருக்கணும்மா, மேல இப்படி வெட்டணும், நடுவுல பொளக்கணும், நல்ல மரத்து குச்சிய ரெண்டு பக்கமும் சீவி உள்ள சொருகணும், டேப்ப கீழருந்து மேல சுத்தணும், தண்ணி உள்ள போச்சுன்னா அழுகிடும்னு. நாக்க துருத்திக்கிட்டு சுத்துன. உனக்கு எட்டு வயசு. எந்த புக்குல இருந்துச்சு அது. அடுத்த வருஷம் உக்காந்து விட்ட பாடத்த எல்லாம் புடிச்சுட்ட, ஓபன் ஸ்கூல்ல பத்தாவது எழுதறப்ப சயின்ஸ்ல வாங்குன மார்க்க அப்பா இன்னும் பர்ஸ்ல வெச்சிருக்காரு. ஸ்கூல் போகாத புள்ளைக்கு யாரு வேலை குடுப்பான்னு கேட்ட பெரியப்பா தான் இப்ப அவரு பேத்திக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க உன் நம்பர கேக்கறாரு.

அதனால ஒரு மாசம் ரெண்டு மாசம் பாடம் நின்னா நிக்கட்டும். நிக்கட்டும் கண்ணு.

ஆகஸ்டுல நடந்தத பத்தி நான் பேசல, நீயும் பேச வேணாம், பேசணும்னு தோணுச்சுன்னா எந்த நேரமானாலும் கூப்பிடு. நான் பின்னுன அந்த மஞ்ச ஸ்வெட்டர் யாருக்கும் குடுக்கல, அத்தை மருமக கேட்டுது, இல்லன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் நீ டைம்டேபிள் அது இதுன்னு அவ்வளவு வேகமா இறங்குனப்பவே எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரி இருந்துச்சு. சரி.

மாமியார் ஸ்கூல்ல போடு போடுன்னு சொல்றாங்கன்னு தெரியும். சட்டம் அது இதுன்னு பயமுறுத்துனா, 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துல ஆறுலருந்து பதினாலு வரைக்கும் புள்ளைய ஸ்கூல்ல சேக்கறது பெத்தவங்க கடமைன்னு இருக்கு, ஆனா சேக்காதவங்களுக்கு இன்ன தண்டனைன்னு அதுல எழுதல, அத சொல்லு. பின்னாடி என்ன பண்ணுவான்னு கேட்டா, பதினாலு முடிஞ்சா என்ஐஓஎஸ்ங்கற ஓபன் ஸ்கூல்ல பத்தாவது, அஞ்சு சப்ஜெக்ட், வருஷத்துக்கு ரெண்டு தடவ பரீட்சை, பதிஞ்சதுலருந்து அஞ்சு வருஷம் செல்லும். உனக்கே தெரிஞ்சது, அவங்களுக்கு சொல்றதுக்கு சொல்றேன். ஆனா இன்னொண்ணு. உனக்கே ஸ்கூல்ல போட்டா நல்லாருக்கும்னு தோணுச்சுன்னா போடு. இத என் வாயால கேப்பேன்னு நீ நினைச்சிருக்க மாட்ட. ஊரெல்லாம் எதுத்து உன்னைய வீட்ல வெச்சு படிக்க வெச்சவ நான், என் பேத்தி பேரனும் அப்படியே வரணும்னு எனக்கு ஆசை தான், மறைக்கல. ஆனா என் ஆசைக்காக நீ மதியம் பதினொண்ணரைக்கு... சரி, அவன் காலைல நாலு மணி நேரம் ஸ்கூல்ல இருந்தா நீ குளிச்சு சாப்பிட்டு வெயில்ல நடந்துட்டு வரலாம். வேதபாடத்த சாயந்தரம் சொல்லிக் குடு, யாரு தடுக்கறா. கர்த்தர் அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டாரு.

ஸ்கூலோ வீடோ, மொதல்ல பிளட் டெஸ்ட் எடுத்துரு. தைராய்டு, ஹீமோகுளோபின், விட்டமின் டி, பி12. நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாருக்கும் ரத்தம் கம்மி, பாட்டிக்கும் இருந்துச்சு. டாக்டர்கிட்ட தூக்கத்த பத்தியும் சொல்லு, வெறும் அசதின்னு சொல்லிட்டு வந்துராத. சொல்ல கூச்சமா இருந்தா எழுதி குடு. கீழ் வீட்டு மராட்டிக்கார அம்மா பையன் மேல உசுரா இருக்காங்கன்னு சொன்னியே, அவங்ககிட்ட தினம் ஒரு மணி நேரம் விடு, தப்பே இல்ல, அவன் மராட்டி கத்துக்கட்டும், அதுவும் ஒரு பாடம் தான். ராகி கஞ்சியாவது காலைல குடி. வெயில்ல நில்லு. சபைக்கு போறியான்னு நான் கேக்க மாட்டேன், ஆனா அங்க தமிழ் சபை பாஸ்டரம்மா நல்லவங்கன்னு நீயே தான் சொன்ன.

ஏப்ரல் கடைசில வந்துருங்களேன். மாப்பிள்ளைக்கு லீவு இல்லன்னா நீயும் பையனும் மட்டும். பெங்களூர் வரைக்கும் வந்துட்டா போதும், தம்பி கார் எடுத்துட்டு வந்துருவான், ஓசூர் டிராபிக்க தாண்டிட்டா ஒரு மணி நேரம். செந்தூரா அப்ப பழுக்க ஆரம்பிச்சிரும். பையன மியூசியத்துக்கு கூட்டிட்டு போய் நடுகல் எல்லாம் காட்டணும்னு அப்பா இப்பவே திட்டம் போட்டுட்டாரு. அப்புறம் மயிலாடும்பாறை, பர்கூர் பக்கம், அங்க தோண்டுனதுல கெடைச்ச இரும்பு 4200 வருஷம் பழசுன்னு 2022ல சட்டசபையிலயே அறிவிச்சாங்க இல்ல, நீ இருந்த காலத்துல அங்க ஆடு மேய்க்கறவங்கள தவிர யாரும் போக மாட்டாங்க. உனக்கு ஒரு வேலையும் கிடையாது, நீ பின்கட்டு ரூம்ல படுத்துக்கோ, எத்தன மணி வரைக்கும்னு யாரும் கேக்க மாட்டோம். அவன அப்பாவும் நானும் பாத்துக்குவோம்.

வரும்போது அவனோட புக்கு எதுவும் தூக்கிட்டு வராத, பழைய செருப்பு ஒண்ணு போட்டுவிடு, தோப்புல சகதி. டிக்கெட் காசு தம்பிகிட்ட குடுத்து வெச்சிருக்கேன், மாப்பிள்ளைகிட்ட கேக்க வேணாம். ரிப்போர்ட் வந்தா போட்டோ எடுத்து தம்பி நம்பருக்கு அனுப்பு, என் போன்ல இடமில்லன்னு காட்டுது.

அம்மா