என் சீட்டில் யார் எழுதியது செல்லும்? இரு பிரிவுத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகப்பேறு பிரிவுத் தலைவர் அவர்களுக்கும் கல்லீரல் பிரிவுத் தலைவர் அவர்களுக்கும் வணக்கம்.

என் விவரம் உங்கள் இருவருக்குமே தெரியும். ஆட்டோஇம்யூன் ஹெப்பாட்டைட்டிஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய்), அதனால் வந்த சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது), இப்போது கர்ப்பத்தில் ஏழாம் மாதம் முடியப்போகிறது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் மகப்பேறு ஓ.பி.யில் இருந்த இளம் டாக்டர் என் சீட்டைப் புரட்டினார். "மாசமா இருக்கும்போது இந்த மாத்திரையா?" என்றபடியே, அந்த எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கும் அசாதையோபிரின் மேல் ஒரு கோடு போட்டார். கல்லீரல் டாக்டர் நிறுத்தவே கூடாது என்றிருக்கிறார் என்றேன். "அப்ப அவர்கிட்டயே எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். அன்றைக்குக் கல்லீரல் ஓ.பி. கிடையாது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர் சீட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடிச்சிருக்கே, எப்படிம்மா கொடுக்கிறது?" என்று நீட்டினார். அவர் மேல் தப்பில்லை. வீட்டுக்கு வந்து, பழைய அட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகள் அடுத்த கல்லீரல் ஓ.பி. வரை காணுமா என்று கணக்குப் பார்த்தேன்.

இந்த மாத்திரையைத் திடீரென்று விட்டால் அடங்கிக் கிடக்கும் நோய் மறுபடி கிளம்பும், அது எனக்கும் ஆபத்து, வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து என்று விளக்கிச் சொன்னது கல்லீரல் பிரிவுதான். கருவுக்கு ஆகாத மைக்கோஃபீனோலேட் என்ற பழைய மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே நிறுத்தி இதை எழுதிக் கொடுத்ததும் அதே பிரிவுதான். அந்தக் குறிப்பு என் ஃபைலில்தான் இருக்கிறது. புரட்ட ஆளில்லை.

வாய்வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபியும் இப்படித்தான் கைநழுவியது. சிரோசிஸ் உள்ளவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் வீங்கியிருக்கின்றனவா என்று நடு மூன்று மாதங்களில் பார்த்துவிட வேண்டும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடும், முக்கும்போது அழுத்தமும் ஏறும், வீங்கிய நாளம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு பிரிவு கடிதம் கேட்டது, இன்னொரு பிரிவு ஸ்கேன் கேட்டது, ஆறாம் மாதம் முடிந்தது. ஆனால் ஃபைல் அட்டையில் 'அதிக ஆபத்து' என்ற சிவப்பு முத்திரை மட்டும் தவறாமல் விழுந்துகொண்டிருக்கிறது. இரண்டு பிரிவும் ஒருமனதாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

நான் கேட்பது ஒன்றுதான். மாதத்தில் ஒரு நாளாவது இரண்டு பிரிவு டாக்டர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து எங்களைப் பாருங்கள்.

எங்களை என்று சொல்லக் காரணம் உண்டு. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ராத்திரியெல்லாம் அரிப்பாம். தடிப்பு எதுவும் இல்லை. தடவ ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கர்ப்பத்தில் வரும் கல்லீரல் கோளாறா என்று தெரிய ரத்தத்தில் பித்த அமிலம் பார்க்கச் சொன்னார்களா என்று கேட்டேன், அப்படியென்றால் என்ன என்றார். அது 100-ஐத் தாண்டினால் குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயம் கூடும், பிரசவத்தை 36 வாரத்தை ஒட்டியே வைக்க வேண்டியிருக்கும் என்பதை வரிசையில் நிற்கும் நானா அவருக்குச் சொல்வது? இதற்கு நடுவே "இந்த நோயை வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கும்மா குழந்தை?" என்று கேட்க மட்டும் எல்லாருக்கும் நேரம் இருக்கிறது. அதற்குக் கடிதமும் வேண்டாம், ஓ.பி. நாளும் வேண்டாம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் இருவரின் கைராசியையும் நம்பித்தான் இங்கே வருகிறேன்.

கூட்டு ஓ.பி. உடனே முடியாதென்றால், எனக்கு மட்டுமாவது இந்த வாரத்துக்குள் ஒருவரோடு ஒருவர் பேசுங்கள். எந்த மாத்திரை தொடரும், எண்டோஸ்கோபி இனி எப்போது, ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் இன்னும் இறங்கினால் பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போடலாமா, பிரசவத்தன்று ரத்தத்துக்கு யார் சொல்லிவைப்பது என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மருந்து ஜன்னலில் நான் அதைக் காட்டிக்கொள்கிறேன்.

பணிவுடன்,
உங்கள் இரு பிரிவுகளின் நோயாளி