எக்ஸுக்குப் பதில் டீ: பிளஸ் டூ ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஈரோடு, கோபி, பல்லடம் பக்கத்து மேல்நிலைப் பள்ளிகளில் பதினொன்று, பன்னிரண்டு எடுக்கும் ஆசிரியர்களுக்கு, வணக்கமுங்க.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டுக்குக் கணக்கு எடுப்பவள். நீங்கள் பரீட்சை எழுத வைத்து அனுப்பும் பிள்ளைகள், கவுன்சிலிங் எல்லாம் முடிந்து, என் வகுப்பில்தான் வந்து உட்காருகிறார்கள். கணக்கில் தொண்ணூறுக்கு மேல் வாங்கியவர்கள் நிறையப் பேர். அதே பிள்ளைகளில் ஒரு கூட்டம் முதல் செமஸ்டரிலேயே எம்-ஒன் என்கிற முதல் கணக்குப் பேப்பரில் அரியர் வைக்கிறது. ரிசல்ட் வந்த மறுநாள், தறிக்குடோனிலிருந்து நேராக, சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்க வந்து நின்றார் ஒரு அப்பா. "பன்னெண்டாவதுல தொண்ணூத்தாறுங்க மேடம், இங்க வந்து எப்படிங்க பெயிலாவான்?" என்று கேட்டார். அவரிடம் அன்றைக்கு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். சொல்ல வேண்டியது உங்களிடம்தான் என்று அப்புறம் தோன்றியது.

முதல் வாரத்தில் நான் வழக்கமாகச் செய்யும் ஒரு சின்ன வேலை இருக்கிறது. 'எக்ஸ் இ பவர் எக்ஸ்' என்று எழுதி, தொகையிடச் சொல்வேன். இன்டகிரேஷன் பை பார்ட்ஸ், நீங்கள் பிளஸ் ஒன்னில் நடத்துவதுதான். ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். கையெழுத்து முத்து முத்தாக, கடைசியில் 'பிளஸ் சி' கூட மறக்காமல், ஸ்கேல் வைத்து அடிக்கோடு வேறு. சரி என்று எக்ஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் டீ என்ற எழுத்தைப் போட்டு, பக்கத்தில் ஒரு சைனையும் சேர்ப்பேன். பாதி வகுப்பு பேனாவைக் கீழே வைத்துவிடும். போன வருடம் ஒரு பையன் எழுந்து, "மேடம், இது எங்க புக்குல இல்லைங்க" என்றான். "அந்த டீயை ஒரு வாய் குடிச்சுட்டு, எக்ஸ்னு நெனச்சுப் போடு கண்ணு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், கணக்கை யாரும் போடவில்லை.

இந்தப் பிள்ளைகள் மந்தமில்லை. பார்க்காத கணக்கு ஒன்றோடு தனியாக உட்கார்ந்து பழக்கமில்லை, அவ்வளவுதான். புக் பேக், பழைய கேள்வித்தாள், ஸ்லிப் டெஸ்ட், முதல் ரிவிஷன், இரண்டாம் ரிவிஷன் என்று இரண்டு வருடமும் ஒரே கணக்கை ஏழெட்டுத் தடவை போட்டவர்களுக்கு, புதுசாக ஒன்று வந்தால் அதைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம் சும்மா இருப்பதே தப்பு மாதிரித் தெரிகிறது. நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால் வரும் முதல் கேள்வி, "இது எத்தனை மார்க் கேள்விங்க?" விடுதிப் பள்ளியில் காலை ஐந்து மணிக்கு மணியடித்து எழுப்பி, ஸ்டடியில் பக்கத்திலேயே ஆள் நின்று படிக்க வைத்த பிள்ளைகள் இங்கே இன்னும் மோசமாகத் தடுமாறுகிறார்கள். இங்கே மணியடிக்க யாரும் இல்லை. வருகை எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால்தான் யாராவது கூப்பிட்டுக் கேட்பார்கள், அதற்குள் செமஸ்டர் முடிந்திருக்கும்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று. பிளஸ் ஒன்னுக்கு 2018 மார்ச்சில் முதன்முதலாகப் பொதுத்தேர்வு வந்தது எதற்காக என்று உங்களுக்குத் தெரியாததில்லை. அதுவரை பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு, அந்த வருடமே பன்னிரண்டாம் வகுப்பை ஆரம்பித்துவிட்டன. இப்போது 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை என்றாகிவிட்டது. பிள்ளைகளுக்கு மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது கொடுமைதான், எடுத்தது சரிதான். ஆனால் பழையபடி அந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விடுவார்களோ என்பதுதான் என் பயம். பிளஸ் ஒன் கணக்கின் இரண்டாம் தொகுதியைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்: அணிகள், வெக்டர், எல்லையும் தொடர்ச்சியும், வகையிடல், தொகையிடல். எங்கள் எம்-ஒன் பாதிக்கு மேல் அதன் தோளில்தான் ஏறி நிற்கிறது. இயற்பியலில் விசையும் வேலையும் அந்த வருடப் பாடம்தான். அதைத் தாண்டிக் குதித்து வந்தவனுக்கு நான் ஒரு மாதத்தில் என்ன செய்துவிட முடியும், நீங்களே சொல்லுங்கள்.

தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைகள் விஷயம் தனி. ஒரு பெண், அரசுப் பள்ளி, ஸ்டாஃப் ரூம் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவாள். செருப்புச் சத்தம் வரும், ஆள் வராது. நாலாவது நாள் நானே எழுந்து போய்ப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டால், மேட்ரிக்ஸ் என்றால் என்னவென்றே பிடிபடவில்லை என்றாள். "அணிம்மா" என்றேன். முகம் அப்படியே மாறியது. "அணிங்களா மேடம்? அது எனக்கு நல்லாத் தெரியுமுங்க!" இரண்டு வாரமாக அவளுக்குத் தெரிந்த பாடத்தையே தெரியாது என்று நினைத்து அழுதிருக்கிறாள். அணி மேட்ரிக்ஸ், அணிக்கோவை டிட்டர்மினன்ட், வகையிடல் டிஃபரன்சியேஷன், இப்படி ஒரு நாற்பது ஐம்பது சொல்லைப் பாடம் எடுக்கும்போதே இரண்டு பெயரிலும் சொல்லி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத வைத்தால் போதும்.

அப்புறம், விண்ணப்பம். "இந்தக் குரூப்பை ஏன் எடுத்தாய்?" என்று கேட்டால் "பிரவுசிங் சென்டர் அண்ணன்தான் போட்டுவிட்டாருங்க" என்கிறார்கள். நாலு வருடப் படிப்பை ஒரு அண்ணன் பத்து நிமிடத்தில் முடிவு செய்திருக்கிறார். நான் முதல்வன் வகுப்பு, உயர்கல்வி வழிகாட்டி என்று எல்லாம் நடக்கிறது, தெரியும். இருந்தாலும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு மனு எழுதுவதையாவது பிள்ளை கையாலேயே எழுத விடுங்கள். தப்பாக எழுதட்டும், கிழித்துப் போட்டு இன்னொன்று எழுதட்டும்.

உங்கள் பாடு எனக்குத் தெரியாமல் இல்லை. என் அக்காவே பிளஸ் டூ டீச்சர். சதவீதம் குறைந்தால் மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேட்பார்கள், எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு போட்டே பாதிப் பொழுது போகும், நூற்றுக்கு நூறு சென்டம் வரவில்லை என்றால் தனியார் பள்ளியில் சம்பளத்திலேயே கை வைப்பார்கள். எங்கள் பக்கமும் சுத்தமில்லை. லேட்டாக ஆரம்பித்து, ஐந்து யூனிட்டை அரக்கப்பரக்க ஓட்டி முடிப்பது நாங்கள்தான். அதனால் பெரிதாக எதையும் கேட்கவில்லை. பிளஸ் ஒன்னில் வாரத்துக்கு ஒரு பீரியட், புத்தகத்தில் இல்லாத ஒரே ஒரு கணக்கு. விடையை அன்றைக்குச் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் வரை மண்டையைக் குடையட்டும். அது பரீட்சைக்கு வராது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எத்தனை மார்க் என்று கேட்பார்கள்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமை எங்கள் பக்கம் வாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். உங்களிடம் படித்தவன் யாராவது அங்கே இருப்பான், உங்களைக் கண்டதும் எழுந்து நிற்பான். உட்காரச் சொல்லிவிட்டு, அவன் நோட்டை வாங்கி, நான் நடத்தியதைத் தன் சொந்த வார்த்தையில் ஒரு வரியாவது எழுதியிருக்கிறானா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முதலாண்டுக் கணக்கு வகுப்பிலிருந்து ஒருத்தி